டெமோ வண்டிக்குப் போட்ட பூஜை

1. பானெட்டில் சந்தனம்

ஷோரூம் வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது எங்கள் மேனேஜர் காபி டம்ளரோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். டம்ளரைப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டியில் வைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

புது எஸ்.யூ.வி. டெமோ வண்டி. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ‘டெஸ்ட் டிரைவ்’ ஸ்டிக்கர்கூட இன்னும் ஒட்டவில்லை. பானெட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். கண்ணாடி மேல் விபூதிப் பட்டை. முன்னால் சாமந்தி மாலை. டயரில் நசுங்கின எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணா, இது டெமோ வண்டி” என்றார் மேனேஜர், எனக்குத் தெரியாத சங்கதியைச் சொல்வதுபோல.

“தெரியும் சார். காலையிலருந்து நான்தானே இதுல சுத்திக்கினு இருக்கறேன்.”

“அப்போ இதுக்கு யாரு பூஜை போட்டது?”

“குருக்கள்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த மனிதர். காஞ்சிபுரத்தில் வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் புது வண்டி ஒன்று கோவில் வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பின் சீட்டிலிருந்து முருகேசன் இறங்கினான். வாயெல்லாம் பல்லாக இருந்தான். அடுத்து அவன் மனைவி கோமளா இறங்கினாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. முன் சீட்டில் முருகேசனின் அம்மா பவுனம்மா மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார், மடியில் தேங்காய் மூடியோடு.

“சார், இந்த வண்டிதான். இனிமே பேச்சே இல்ல. சாமியே முடிவு பண்ணிடுச்சு” என்றான் முருகேசன்.

முந்தின நாள் இவர்கள் விசாரித்துவிட்டுப் போனது பிக்கப் வண்டியை. அதைச் சொன்னால் மேனேஜருக்கு இன்னும் கோபம் வரும் என்று நான் சொல்லவில்லை.

2. என் வேலை

என் பெயர் ஏகாம்பரம். முதலில் பஸ் ஓட்டினேன். பிறகு இந்த ஷோரூமில் டெமோ டிரைவராகச் சேர்ந்தேன். கஸ்டமரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவது, வண்டியைப் பற்றிக் கேட்டால் சொல்வது, அவர்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாமியைக் கும்பிடுவது, இதுதான் வேலை. கடைசி வருடங்களில் புதிதாகச் சேரும் சேல்ஸ் பிள்ளைகளுக்கு டிரெய்னிங்கும் கொடுத்தேன். இப்போது ஓய்வு. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் போன் பண்ணுவார்கள். “ஏகாண்ணா, ஒரு கஸ்டமர் பிக்கப்பா எஸ்.யூ.வி.யான்னு குழம்பிக்கினு இருக்காரு, இன்னா சொல்றது?” என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்லாக்கில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிக்கப்புக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். லோடு ஏற்றினால் சாதுவாகப் போகும், காலியாக ஓட்டினால் குதிக்கும். மஞ்சள் போர்டு, அதாவது தொழில் வண்டி, ஆகவே எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும் வேலைகள் உண்டு. முன்னால் நெருக்கினால் மூன்று பேர் உட்காரலாம். எஸ்.யூ.வி. வெள்ளை போர்டு. ஏழு பேர் காலை நீட்டிக்கொண்டு போகலாம், ஏ.சி. உண்டு, ரிவர்ஸ் கேமரா உண்டு, பள்ளத்தில் இறங்கினால் இடுப்புக்குத் தெரியாது. பின் சீட்டை மடித்தால் சாமானும் வைக்கலாம். இந்தக் கடைசி வரிதான் வம்பு. “சாமானும் வைக்கலாம்” என்று சேல்ஸ்மேன் சொல்லும்போது அவன் மனதில் இருப்பது சூட்கேஸ். கேட்பவர் மனதில் இருப்பது என்ன சாமான் என்று அவன் கேட்பதில்லை.

கோமளா மனதில் இருந்தது சாம்பார் அண்டா.

3. இட்லிக் குடலையும் மாமா சொன்ன சொல்லும்

கோமளா பிள்ளையார்பாளையத்தில் சமையல் கூடம் நடத்துகிறாள். கல்யாண மண்டபங்களுக்குக் காலை டிபன் சப்ளை. அவள் பெயர் பெற்றது குடலை இட்லிக்கு. உயரமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை போட்டு, மாவை ஊற்றி, பொறுமையாக வேகவைப்பது. மிளகும் சுக்கும் சீரகமும் போட்ட அந்த வாசனைக்கு மண்டபத்து வாசலிலேயே பசி வந்துவிடும். குடலையைச் சாய்க்காமல் நிறுத்தி வைத்துக் கொண்டுபோக வேண்டும். அதோடு சாம்பார் அண்டா, பொங்கல் தவலை, சட்னி வாளிகள். கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் அதே தெருப் பெண்கள்.

சமையலில் அவளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. குறை எல்லாம் வண்டியில்தான். வாடகை லோடு ஆட்டோ ஒன்றை நம்பியிருந்தாள். அந்த ஆள் வந்தால் வருவார். ஒரு கல்யாணத்தில் ஆட்டோ வழியில் நின்றுபோய், மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் காத்திருந்திருக்கிறார்கள். வாலாஜாபாத் ரோட்டில் இருக்கும் மண்டபத்துக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: “ஆவணியிலருந்து எல்லா முகூர்த்தமும் உனக்கே தரேம்மா. ஆனா சொந்த வண்டி இருக்கணும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்.”

எல்லா முகூர்த்தமும் என்றால் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் வருடம் முழுக்க வேலை. நழுவவிட்டால் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் நாள் ஷோரூமில் இதையெல்லாம் கோமளா என்னிடம் சொன்னபோது, பிக்கப்பின் பின்கதவை இறக்கி, முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டே பேசினாள். டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள்.

முருகேசனையும் குறை சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவன் அம்மா பவுனம்மா ஒரு தடவை பஸ் படியில் விழுந்து எழுந்ததிலிருந்து பஸ் ஏறுவதில்லை. ஆரணியில் அவன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு வேறு வழி இல்லாமல் அதே லோடு ஆட்டோவில், பின்னால் அண்டாக்களோடு, அம்மாவை உட்காரவைத்துக் கூட்டிப் போயிருக்கிறான். அக்கா புருஷன், அவனுடைய மாமா, வாசலில் தன் பெரிய காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்கள் முன்னால் சிரித்தபடி கேட்டாராம்: “இன்னா முருகேசா, அத்தைய லோடோட லோடா ஏத்திக்கினு வந்துட்டியா?”

அந்த வார்த்தை அவனுக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது. கிடைக்கிற லோன் ஒரு வண்டிக்குத்தான். அந்த ஒரு வண்டி எஸ்.யூ.வி.யாக இருக்க வேண்டும் என்று அவன் ராத்திரியோடு ராத்திரியாக முடிவு செய்துவிட்டு மறுநாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தான். “பின் சீட்டை மடிச்சா உன் அண்டாவும் வெச்சிக்கலாம் கோமளா, சேல்ஸ் தம்பி சொன்னாரு” என்றான். கோமளா, “சரி, ஓட்டிப் பார்க்கலாம்” என்றாள்.

4. வெள்ளிக்கிழமை

பவுனம்மாவுக்கு எஸ்.யூ.வி. முன் சீட்டு பிடித்திருந்தது. ஏ.சி. காற்று வரும் துவாரத்துக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். முருகேசன் ஓட்டினான். ஒரு கையால்தான் ஓட்டினான். பின்னால் என் பக்கத்தில் கோமளா மட்டும் அடிக்கடி திரும்பி, மடித்துவைத்த கடைசி சீட்டையும் அதன்மேல் போர்த்தியிருந்த துணியையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அண்ணா, இந்தத் துணியில சாம்பார் கொட்டினா போவுமா?” என்று என்னைக் கேட்டாள்.

“கறை போவும்மா. வாசனை போவாது” என்றேன். வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். பெருங்காய வாசனை ஒரு தடவை சீட்டுக்குள் போய்விட்டால் வண்டியை விற்கும்வரை அங்கேதான் குடியிருக்கும்.

பைபாஸ் பக்கம் ஒரு பிள்ளையார் கோவில். எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தவர்கள் அந்தப் பிள்ளையாருக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பவுனம்மா, “வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படியே தாண்டிப் போவறதா? ஒரு நிமிசம் நிறுத்துபா” என்றார். நிறுத்தினோம். கோமளா பிரகாரம் சுற்றப் போனாள். முருகேசன் இறங்கி வண்டியை நாலு பக்கமும் போனில் படம் எடுக்க ஆரம்பித்தான், ஆரணிக்கு அனுப்ப. அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார். வேறு கஸ்டமர் விஷயம். கோவில் மணியில் எதுவும் காதில் விழவில்லை என்று நான் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்று பேசினேன்.

திரும்பி வந்தால் சாமந்தி மாலை ஏறிவிட்டது. எங்களுக்கு முன்னால் நிஜமாகவே புது வண்டி எடுத்த இரண்டு குடும்பங்கள் வரிசையில் நின்றிருக்கின்றன. அவர்களுக்கு முடித்த கையோடு குருக்கள் மூன்றாவதாக நின்ற வண்டிக்கும் ஆரம்பித்துவிட்டார். ஸ்டிக்கர் இல்லை, நம்பர் பிளேட் புதுசு, பக்கத்தில் குடும்பம் நிற்கிறது, அவர் வேறென்ன நினைப்பார். அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டிருக்கிறார். பவுனம்மா சொல்லியிருக்கிறார். முருகேசன் மணிச் சத்தத்துக்கு நடுவில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கோமளா பிரகாரத்தில் இருந்தாள்.

“சாமி, இது டெமோ வண்டி. இன்னும் யாரும் வாங்கல” என்றேன், பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போனவரிடம்.

“டெமோவா இருந்தா என்ன? அதுவும் ரோட்டுலதானே போறது? நல்லபடியா போகட்டும்” என்றார் குருக்கள். பூசணிக்காய் உடைந்தது.

5. கலரும் லோடும்

ஸ்டியரிங்கை நானே வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதன் பிறகுதான் ஷோரூம் வாசலில் பூந்தொட்டியில் காபி டம்ளர்.

மேனேஜர் எல்லாரையும் உள்ளே உட்காரவைத்தார். தொழில் தெரிந்தவர்தான், கோபத்தை விழுங்கிவிட்டார். “சார், எஸ்.யூ.வி. புக் பண்ணிக்கங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா இந்த வண்டியைத் தர முடியாது. டெமோவை இப்போ விக்க மாட்டோம். இதே மாடல், இதே கலர், புதுசு வரவழைச்சுத் தரேன்” என்றார்.

முருகேசன் யோசித்தான். “பூஜை இதுக்குத்தானே போட்டாச்சு?”

“கலர் ஒண்ணுதான் சார்.”

“சரி, கலர் ஒண்ணுன்னா சாமிக்குத் தெரியாதா?” என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கோமளா அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தாள். “ஏங்க, கலரைப் பார்க்கிற சாமி லோடைப் பார்க்காதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் திரும்பிக்கொண்டேன். முருகேசனுக்குச் சுருக்கென்று பட்டது. “பூஜை போட்ட வண்டிய வேணாம்னு சொல்லிட்டு வேற வண்டி எடுத்தா, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்வியா?” என்றான்.

இப்படிக் கேட்டால் எந்தப் பெண் பதில் சொல்வாள்? கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆவணிக்கு வண்டி இல்லன்னா அந்த மண்டபம் போயிடும். அவ்ளோதான் நான் சொல்வேன்” என்றாள். பவுனம்மா தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் சும்மா இருக்க முடியாமல் டபுள் கேப் படத்தை எடுத்துப் போட்டார். முன்னால் ஐந்து பேர், பின்னால் திறந்த பெட்டி. “ரெண்டும் ஒண்ணுல கிடைக்கும்மா.” கோமளா படத்தைப் பார்த்தாள். பின்பெட்டியின் நீளத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு, “பாதி அண்டா வீட்டுலயே நின்னுடும் சார்” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டபுள் கேப் நல்ல வண்டிதான், அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். அவள் அந்த ஆள் இல்லை.

நான் குறுக்கே புகுந்தேன். “சார், எஸ்.யூ.வி. ஓட்டிப் பார்த்துட்டாங்க. நேத்து விசாரிச்ச பிக்கப்பை இன்னும் ஓட்டிப் பார்க்கல. நாளைக்கு லோடோட ஒரு டெஸ்ட் டிரைவ் குடுத்துடலாம். அப்புறம் எதுன்னாலும் புக் பண்ணட்டும்.”

“லோடோடன்னா?”

“அண்டாவுல தண்ணி நிரப்பி.”

மேனேஜர் ஒத்துக்கொண்டார். முருகேசன், “ஓட்டிப் பார்த்துக்கட்டும், நான் முடிவு பண்ணிட்டேன்” என்றான். எழுந்து போகும்போது பவுனம்மா என்னிடம் வந்து, “நாளைக்கு நானும் வரேன்பா” என்றார்.

6. நடு சீட்டு

விடிந்து பிக்கப்போடு பிள்ளையார்பாளையம் போனேன். தெருவே சுக்கு வாசனையாக இருந்தது. கோமளா வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் போனை இறக்கினாள்.

“அண்ணா, இன்னிக்கு அந்த மண்டபத்துல நிச்சயதார்த்தம். லோடு ஆட்டோக்காரரு போனை எடுக்க மாட்டேங்கறாரு.”

உள்ளே குடலைகள் தயாராக நின்றன. அண்டாவில் சாம்பார் கொதி அடங்கிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிற பெண்கள் என் பின்னால் நின்ற வண்டியையே பார்த்தார்கள்.

“ஏத்துங்கமா” என்றேன்.

“தண்ணி நிரப்பின அண்டான்னு சொன்னீங்களே?” என்றான் முருகேசன், பைக்கைத் துடைத்துக்கொண்டே.

“சாம்பார்லயும் தண்ணிதானே இருக்குது? ஏத்துபா.”

பிக்கப்பின் சௌகரியத்தை அங்கே பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் பலகையை இறக்கிவிட்டால் நாலு பெண்கள் நாலு மூலையிலிருந்து ஏற்றலாம். குடலைகளை நிறுத்தி, அண்டாவை கேபினை ஒட்டி வைத்து, சணல் கயிற்றால் கட்டினார்கள். அந்தக் கட்டை நான் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பவுனம்மா ஏறுவதற்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கும் முன்பே, கோமளா காலி தக்காளி டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். கிழவி அதில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் கோமளா. நடுவில் நான், கியர் கம்பியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. அத்தனை வருட சர்வீஸில் நான் நடு சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முருகேசன் பைக்கில் பின்னால் வந்தான்.

தெரு முனையில் வண்டி நின்றது. நெசவுக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தார்கள். பாவு விரித்த தெருவில் கலெக்டர் வண்டியானாலும் நிற்க வேண்டியதுதான்.

“இன்னா கோமளா, வண்டி எடுத்துட்டியா?” என்றார் பாவுக்குப் பக்கத்தில் நின்றவர்.

“இல்லணா, பார்த்துக்கினு இருக்கறேன். முடியறதுக்கு நேரமாவுமா?”

“இப்பத்தான் கட்டினோம்மா.”

காத்திருக்க நேரம் இல்லை. ரிவர்ஸ் எடுத்து அடுத்த சந்து வழியாகத்தான் போக வேண்டும். இந்த வண்டியில் கேமரா கிடையாது, கண்ணாடிதான். இரண்டு பக்கமும் நிறுத்தி வைத்த மொபெட்டுகள், பின்னால் நிற்கும் குடலைகள். அவள் கியரைப் பின்னுக்குத் தள்ளியதும் என் கை தானாக ஸ்டியரிங் பக்கம் போனது.

“நீ கைய எடுபா. அவ ஓட்டட்டும்” என்றார் பவுனம்மா.

எடுத்துவிட்டேன். கோமளா தலையை வெளியே நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்லப் பின்னால் போனாள். ஒரு மொபெட்டின் கண்ணாடிக்கும் எங்கள் பலகைக்கும் நடுவில் விரல் நுழையும் இடம்தான் இருந்தது. சந்தில் திருப்பிப் பெரிய ரோட்டுக்கு வந்ததும் மூச்சு விட்டாள். நானும் விட்டேன். லோடு இருந்ததால் பட்டை ஸ்பிரிங் சாதுவாகப் போனது. பவுனம்மா ஜன்னலை இறக்கிவிட்டு, காற்றில் பறந்த முந்தானையைச் செருகிக்கொண்டு, “இதுல குந்தினா ரோடு முழுக்கத் தெரியுது” என்றார்.

மண்டபத்தில் இலை போட ஆரம்பிப்பதற்கு முன்பே இறக்கிவிட்டோம். குடலை ஒன்றுகூடச் சாயவில்லை. மண்டபத்துக்காரர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “புது வண்டியாம்மா?” என்று கேட்டார். கோமளா பதில் சொல்ல வாயெடுத்து, பைக்கில் வந்து நின்ற புருஷனைப் பார்த்து, கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அங்கே நான் சொல்ல என்ன இருக்கிறது, வெறும் டெமோ டிரைவர்.

திரும்பும் வழியில் அதே பிள்ளையார் கோவில். “நிறுத்துமா” என்றார் பவுனம்மா.

“அத்த, இன்னிக்கு வெள்ளிக்கிழமகூட இல்லயே” என்றாள் கோமளா. பயந்த மாதிரிதான் சொன்னாள். இன்னொரு வண்டிக்கும் பூஜை ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் கவலை.

“நிறுத்துன்னு சொல்றேன்ல.”

நிறுத்தினாள். முருகேசனும் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். குருக்கள் வாசலில்தான் இருந்தார். எங்களை அடையாளம் கண்டுகொண்டு, வண்டியைப் பார்த்தார். “என்னம்மா இது? நேத்து பெரிய காருக்குன்னா பூஜை போட்டோம்?” என்றார்.

“அதையேதான் சாமி நானும் சொல்லிக்கினு இருக்கறேன். பூஜை போட்ட வண்டிய விட்டுட்டு வேற எடுக்கலாமான்னு கேளுங்க” என்றான் முருகேசன். அம்மா தன் பக்கம் பேசப்போகிறார் என்று அவனுக்குத் தெம்பு.

பவுனம்மா இறங்கவில்லை. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு குருக்களைக் கேட்டார். “சாமி, நேத்து அர்ச்சனை யாரு பேருக்குப் பண்ணீங்க?”

“நீங்க சொன்ன பேருக்குத்தான். கோமளா, அஸ்த நட்சத்திரம், கன்னி ராசி.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கோமளா மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்த, என் பேரா சொன்னீங்க?”

“வேற யாரு பேரைச் சொல்றது? காலையில எழுந்து ஓடறவ நீதானே? வண்டி யாருதோ அவங்க பேரைத்தானே சொல்லணும்.” பிறகு மகன் பக்கம் திரும்பினார். “வண்டி பேருக்கா பண்ணாங்க அர்ச்சனை? இவ பேருக்குப் பண்ணது. இவ எதை ஓட்டறாளோ அதுக்குப் போய்ச் சேரும். இல்லயா சாமி?”

குருக்கள் தலையை ஆட்டினார். “சேரும்மா. நன்னா சேரும்.”

முருகேசன் சின்னக் குரலில் கேட்டான். “நீ எப்டிம்மா அக்கா வீட்டுக்குப் போவே? மாமா மறுபடியும் ஏதாவது சொல்லுவாரே?”

“அன்னிக்கு என்னைய பின்னால அண்டாவோட குந்த வெச்சே, அவரு சொன்னாரு. இதுல முன்னால குந்திக்கினு போறேன். சொல்லட்டும் பார்க்கலாம்.” பவுனம்மா சீட்டைத் தட்டிக்காட்டினார். “இது என் சீட்டு. எழுதி வெச்சுக்கோ.”

கோமளா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கியர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசன் டிரைவர் பக்கக் கதவுக்கு வந்தான். “அழுவாத கோமளா. ஷோரூமுக்கு விடு. புக் பண்ணிடலாம்” என்றான். என்னைப் பார்த்து, “கலர் இன்னா இன்னா இருக்குதுணா?” என்று கேட்டான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

7. கேட்க வேண்டிய கேள்வி

வண்டி ஆடியிலேயே தயாராகிவிட்டது. ஆடியில் எடுக்க வேண்டாம் என்று பவுனம்மா சொல்லிவிட்டதால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் டெலிவரி எடுத்தார்கள். பிள்ளையார் கோவிலில் மறுபடி பூஜை வேண்டுமா என்று பேச்சு வந்தது. “ஏற்கெனவே ஆச்சு” என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டு போனாள் கோமளா. டெமோ எஸ்.யூ.வி.யைத் தண்ணீர் விட்டுக் கழுவியும் சந்தனக் கறை பானெட் ஓரத்தில் கொஞ்ச நாள் இருந்தது. அதைப் பார்த்த கஸ்டமர்கள் ராசியான வண்டி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து அந்த வண்டியில் டெஸ்ட் டிரைவ் வந்தவர்கள் நிறையப் பேர் புக் பண்ணினார்கள். மேனேஜர் அடுத்த டெமோ வண்டி வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, இதையும் அந்தப் பக்கம் ஒரு தடவை விட்டுட்டு வாங்களேன்” என்றார்.

ஆரணியில் அக்கா மகள் வளைகாப்புக்கு டிபன் கோமளாவுடையதுதான். பிக்கப் வாசலில் போய் நின்றபோது முன் சீட்டிலிருந்து பவுனம்மா டப்பாவில் கால் வைத்து இறங்கினாராம். மாமா வாசலில்தான் நின்றிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லையாம். குடலையைத் திறந்ததும் முதல் இலையில் உட்கார்ந்தவர் அவர்தான் என்று முருகேசன் என்னிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பிள்ளைகளே, எஸ்.யூ.வி. வாங்கிச் சந்தோஷமாக இருக்கும் நூறு குடும்பங்களை எனக்குத் தெரியும். பிக்கப்பை எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓட்டி முதுகு வலிக்கிறது என்று வந்து சண்டை போட்டவர்களையும் தெரியும். ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று சொல்ல நான் வரவில்லை. குழம்பி வரும் குடும்பத்திடம் நீங்கள் எத்தனை சீட், எவ்வளவு மைலேஜ் என்று ஆரம்பிக்கிறீர்கள். அதெல்லாம் கேட்லாக்கில் இருக்கிறது, அவர்களே படித்துக்கொள்வார்கள். வந்தவர்களில் யார் அதிகம் பேசுகிறாரோ அவரைப் பார்த்தே விற்காதீர்கள். அன்றைக்கு எங்கள் ஷோரூமில் அதிகம் பேசியது முருகேசன். தினமும் விடிவதற்குள் வண்டியை எடுக்க வேண்டியவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வண்டி யாருக்கு என்பது எங்கள் யாரையும்விடத் தேங்காய் மூடியோடு உட்கார்ந்திருந்த அவள் மாமியாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பம் ஏறியதும் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், சில வீடுகளில் அங்கேயே சண்டை வரும். பரவாயில்லை, வண்டி வாங்குவதற்கு முன்னால் வருவது நல்லது.

“நாளைக்குக் கோவில்ல நிறுத்தினா, அர்ச்சனை யாரு பேருக்கு?”

பதிலில் யார் பேர் வருகிறதோ, சாவியை அந்த ஆள் கையில் கொடுப்பேன்.